ஆம்பூர்னா பாயா?

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிற தம்பிகளை உட்காரவைத்துப் பேசுகிறோம். ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி, குடியாத்தம் பக்கத்துக் காலனிகளிலிருந்து வருவார்கள். சொல்ல வேண்டியவை பெரும்பாலும் நடைமுறை விஷயங்கள்தான். ஏஜெண்ட் அரசிடம் பதிவு செய்தவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துக்கொள். பத்தாவது முடிக்காதவன் பாஸ்போர்ட் இசிஆர் வகை. வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ போக குடியேற்றப் பாதுகாவலர் அலுவலக அனுமதி வேண்டும். டூரிஸ்ட் விசாவில் விமானம் ஏறாதே. ஒப்பந்தத்தை ஒரு ஃபோட்டோ எடுத்து அக்காவுக்கோ தங்கச்சிக்கோ அனுப்பி வை. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

போன மாதம் எல்லாரும் எழுந்து போன பிறகு ஒரு தம்பி மட்டும் நின்றான். சிங்கப்பூருக்கு டெஸ்ட் அடித்து பாஸாகியிருக்கிறான். டீ கிளாஸைக் கையில் உருட்டிக்கொண்டே கேட்டான்: "அண்ணா, ரூம்ல எந்த ஊருன்னு கேட்டா இன்னா சொல்றது?"

ஆம்பூர் என்று சொல்ல அவனுக்குத் தெரியாதா? தெரியும். அந்தக் கேள்விக்குப் பின்னால் வரப்போகிற கேள்வியைத்தான் அவன் கேட்கிறான். எங்களுக்கும் அது தெரியும். பதினைந்து வருடத்துக்கு முன்னால் நாங்களும் அதே கேள்வியோடுதான் விமானம் ஏறினோம். எங்களுக்கு அதை யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

நாங்கள் என்றால் மூன்று பேர். ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம். 2010இல் மூன்று பேரும் ஒன்றாகச் சிங்கப்பூர் போய் 2013 கடைசியில் திரும்பினோம். ஒருவன் இப்போது ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன். ஒருவன் சவூதிக்குப் போய்வந்து ஆட்டோ ஓட்டுகிறான். ஒருவன் திரும்பி வந்து சமூகவியலில் எம்.ஏ. படித்து, தோல் தொழிலாளர் குடும்பங்களோடு வேலை செய்கிறான். எழுதுகிற கை அவனுடையது. மற்ற இரண்டு பேரும் படித்துப் பார்த்து, சில இடங்களில் சண்டை போட்டு, இப்படியே போகட்டும் என்று விட்டிருக்கிறார்கள்.

எங்கள் மூன்று பேரின் அப்பாக்களும் டேனரி. சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து தோலை இழுத்துப் போடுகிற வேலை. உள்ளங்கை ரேகை தேய்ந்துபோய், இப்போது ரேஷன் கடை மெஷின் அவர்கள் விரலை ஏற்பதில்லை. எங்கள் அக்கா தங்கைகள் காலையில் ஆறரைக்குக் கம்பெனி பஸ் ஏறி, ஐரோப்பாவுக்குப் போகிற ஷூவுக்கு அப்பர் தைக்கிறவர்கள். ஊரில் இருந்தால் நாங்களும் தொட்டிக்குத்தான் போயிருக்க வேண்டும். ஏஜெண்டுக்கு ஆளுக்கு ஒன்றே முக்கால் லட்சம். அதில் பாதி வட்டிக் கடன்.

சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் டார்மிட்டரி. ஒரு அறையில் பன்னிரண்டு பேர், இரண்டடுக்குக் கட்டில். நாள் சம்பளம் 18 வெள்ளி, ஓடி பார்த்தால் கூட வரும். காலையில் லாரியின் பின்னால் உட்கார்ந்து சைட்டுக்குப் போவோம். கேட்டரிங்காரன் நள்ளிரவில் சமைத்து விடிகாலையில் கொடுத்துவிடுகிற சோறு, மதியம் பிரிக்கும்போது நூல் விட்டிருக்கும். சாப்பாட்டையும் லாரியையும் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நாங்கள் எழுத நினைத்தது அந்த அறையில் நண்பன் எப்படிக் கிடைத்தான் என்பதை.

முதல் நாள் இரவு, பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளுவதற்குள் கேள்வி வந்துவிட்டது. "தம்பி எந்த ஊரு?" அறையில் தஞ்சாவூர், புதுக்கோட்டை, சிவகங்கைக்காரர்கள். கேட்டவர் நல்ல மனிதர். எங்களுக்குப் போர்வை கொடுத்தவரும் அவர்தான்.

"ஆம்பூர்ண்ணே."

"ஆம்பூரா! பிரியாணி ஊருல்ல? பாயா நீங்க?"

"இல்லண்ணே."

"அப்ப...?"

அந்த "அப்ப"வுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் ஒரு இடைவெளி விழும். தமிழர்கள் கூடுகிற எந்த நாட்டிலும் அந்த இடைவெளியை எங்களால் அடையாளம் காண முடியும். ஆம்பூர் என்ற பெயருக்கு வெளியூர்க்காரர்கள் மனதில் மூன்று படி உண்டு. முதல் படி பிரியாணி. அதில் நீ பாய். இரண்டாவது படி ஷூ. அதில் நீ கம்பெனிக்காரன், யாராகவும் இருக்கலாம். மூன்றாவது படி தோல். அங்கே வந்துவிட்டால் அவர்களுக்கு வேறு எதுவும் கேட்கத் தேவையில்லை. நாங்கள் இரண்டாவது படியிலேயே ஒரு வருடம் ஓட்டினோம். "அப்பா ஷூ கம்பெனில இருக்காருண்ணே."

பொய்தான். அதைச் சொன்ன இரவு மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

வேறு விதமாக நண்பனான ஒருவனைப் பற்றியும் சொல்ல வேண்டும். பக்கத்துக் கட்டிலில் பங்களாதேஷ்காரன், டாங்காயில் மாவட்டம். முதல் வெள்ளிக்கிழமை கேட்டான்: "யூ முஸ்லிம்?" நோ என்றோம். "ஓகே. ஈட்?" என்று கருவாட்டுக் குழம்புத் தட்டை நகர்த்தினான். அவ்வளவுதான் விசாரணை. கொஞ்சம் இந்தி, கொஞ்சம் சிங்கப்பூர் இங்கிலீஷ், ஆறு மாதத்தில் தமிழ்க் கெட்டவார்த்தைகள் எல்லாம். எங்களில் ஒருவனுக்குக் காய்ச்சல் வந்த மூன்று நாளும் கஞ்சி வைத்துக் கொடுத்தவன் அவன். அவனுடைய ஊரில் எந்தத் தெரு, அங்கே யார் யாருக்குக் கீழே என்று நாங்கள் கேட்டதே இல்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. தெரியாத பாஷைக்காரனோடு நண்பனாவது சுலபமாக இருந்ததும் எங்கள் பாஷை பேசுகிறவனோடு கஷ்டமாக இருந்ததும் அப்போது எங்களுக்கு விசித்திரமாகப் பட்டது. இப்போது படவில்லை.

சைட்டில் சீன ஃபோர்மேனுக்கு நாங்கள் எல்லாரும் ஒன்று. தஞ்சாவூர்க்காரரும் "ஆனே", நாங்களும் "ஆனே". அண்ணே என்ற நம் மரியாதைச் சொல்லை எடுத்து, கறுப்புத் தோலுக்கு ஒரு ஏளனப் பெயராக வைத்திருந்தான். ஊரில் யாரும் கைநீட்டிப் பேசியிராத ஒரு மிராசு வீட்டுப் பையன் அந்த "ஆனே"யைக் கேட்டு முதல் வாரம் அழுதான். எங்களுக்கு அழுகை வரவில்லை. எங்களில் ஒருவன் அன்றைக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷப்பட்டதாக இப்போது ஒத்துக்கொள்கிறான். அதே பையன் மாலையில் அறைக்கு வந்ததும் மறுபடி ஊர்க்காரனாகிவிடுவான் என்பது வேறு விஷயம்.

அறையில் சாதி பேச்சில் வந்ததைவிட அடுப்பில்தான் அதிகம் வந்தது. கேட்டரிங் பிடிக்காதவர்கள் ஐந்தாறு பேராகச் சேர்ந்து காசு போட்டுச் சமைப்பார்கள். சமையல் செட்டு. யார் எந்தச் செட்டு என்பது எங்கேயும் எழுதப்பட்டிருக்காது. புதிதாக வருகிறவனை மூன்று நாள் பார்ப்பார்கள், கேட்பார்கள், பிறகு ஒரு செட்டு கூப்பிடும். எங்களை யாரும் கூப்பிடவில்லை. யாரும் வராதே என்றும் சொல்லவில்லை. நாங்கள் மூன்று பேரும் டாங்காயில்காரனும் ஒரு செட்டு ஆனோம். ஞாயிற்றுக்கிழமை தேக்கா மார்க்கெட்டில் மாட்டிறைச்சி வாங்கி வந்து ஆம்பூர் முறையில் பிரியாணி போட்டோம். மூக்கைச் சுளித்தவர்களும் உண்டு, "ஒரு வாய் குடு" என்று ரகசியமாகக் கிண்ணத்தோடு வந்தவர்களும் உண்டு. இரண்டாவது வகைதான் அதிகம் என்று சொல்லிவைக்கிறோம்.

இங்கே எங்களைப் பற்றியும் ஒன்று எழுத வேண்டும். மூன்று பேருக்குள் சண்டை வந்த இடம் இதுதான். 2012இல் எங்கள் பக்கத்திலிருந்தே ஒரு தம்பி வந்தான், அருந்ததியர் குடும்பம். "அண்ணா, நானும் உங்க செட்டுல சேந்துக்கட்டா?" என்று கேட்டான். உடனே ஆமாம் என்று சொல்லவில்லை. "பாக்கலாம்டா, பாத்திரம் சின்னது" என்றோம். பாத்திரம் சின்னதுதான். ஆனால் எங்கள் செட்டில் சேர வந்தவன் புதுக்கோட்டைக்காரனாக இருந்திருந்தால் அன்றைக்கே பெரிய பாத்திரம் வாங்கியிருப்போம். ஒரு வாரம் அவன் தனியாக ரொட்டி தின்றான். அந்த ஒரு வாரத்தை முடித்துவைத்தவனும் டாங்காயில்காரன்தான். அவனாகவே போய்க் கூட்டிவந்து உட்காரவைத்தான். எதற்காகத் தள்ளி வைத்திருந்தோம் என்று அவனுக்குப் புரியவே இல்லை. புரியவைக்கிற இந்தியும் எங்களிடம் இல்லை.

இனி புதுக்கோட்டை நண்பன். பெயர் வேண்டாம். இன்றைக்கும் எங்கள் நண்பன்.

எதிர்க் கட்டில். எங்கள் வயது. எல்லாரையும் "மாப்ள" என்று கூப்பிடுவான். மாப்ள, மச்சான், பங்காளி என்று ஆண்கள் நட்புக்குச் சூட்டுகிற பெயர்கள் எல்லாம் கல்யாண உறவிலிருந்தும் சொத்துறவிலிருந்தும் வந்தவை. யார் யாருக்குப் பெண் கொடுக்கலாம், யார் யாரோடு நிலம் பிரிக்கலாம் என்ற கணக்கு அதற்குள் இருக்கிறது. அதனால்தான் ஆளைத் தெரிந்துகொண்ட பிறகு "மாப்ள" மெல்ல "தம்பி"யாகவும் "நண்பா"வாகவும் மாறிவிடும். எங்களுக்கு அது ஊரிலேயே பழக்கம். இவன் எப்போது மாறுவான் என்று காத்திருந்தோம்.

2011இல் ஒரு இரவு தங்கச்சி ஃபோன் செய்தாள். ஸ்பீக்கரில் இருந்தது. "அண்ணா, நம்ம காலனிக்கு சிமெண்ட் ரோடு போட்டுட்டாங்க!" என்று சந்தோஷத்தில் கத்தினாள். எதிர்க் கட்டிலில் அவன் துணி மடித்துக்கொண்டிருந்தான். ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, துணி துவைக்கிற இடத்தில் மெதுவாகக் கேட்டான்: "மாப்ள, நீங்க எஸ்சியா?"

"ஆமா."

"எனக்கு முன்னாடியே தெரியும்." சட்டையை இரண்டு தரம் அலசினான். "வெளில சொல்லாதீங்க. நம்ம பயலுக ஒரு மாதிரி."

அந்த "நம்ம பயலுக"வில் நாங்கள் இருந்தோமா இல்லையா என்று மூன்று பேரும் அன்று இரவு நெடுநேரம் பேசினோம். ஆனால் அடுத்த நாளும் அவன் "மாப்ள" என்றுதான் கூப்பிட்டான். ஒரு மாதம் பார்த்தோம். மாறவில்லை. எங்கள் தட்டில் கைவைத்துத் தின்றான். எங்களில் ஒருவனுக்குச் சம்பளம் பிடித்துவைக்கப்பட்டபோது தன் ஓடி பணத்தை எடுத்துக் கொடுத்தான். வேலை பெர்மிட்டில் இருக்கிறவன் சிங்கப்பூர்க்காரப் பெண்ணைக் கல்யாணம் செய்ய வேண்டுமானால் அரசிடம் அனுமதி வாங்க வேண்டும். அங்கே வேரூன்றிவிடக் கூடாது என்பதற்காகவே எழுதப்பட்ட வாழ்க்கை அது. அதற்குள் எங்களுக்கு ஒரு மனிதன் கிடைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை டார்மிட்டரியிலிருந்து பஸ் ஏறித் தேக்காவுக்குப் போய், ரேஸ் கோர்ஸ் சாலை ஓரப் புல்வெளியில் உட்கார்ந்து ராத்திரி வரை பேசுவோம். 2013 டிசம்பர் 8ஆம் தேதி அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் தனியார் பஸ் ஏறி ஒரு தமிழ்த் தொழிலாளி இறந்தார், கலவரம் மூண்டது, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் நாட்டை விட்டு அனுப்பப்பட்டார்கள். எங்கள் பெர்மிட் அதற்கு முந்தைய மாதம் முடிந்திருந்தது. டிவியில் அந்தப் புல்வெளியைப் பார்த்து, அவன் பத்திரமா என்று தெரியும்வரை தூங்கவில்லை.

2014 வைகாசியில் அவனுக்குக் கல்யாணம். மூன்று பேரும் வேலூர் போய்த் திருச்சி பஸ் பிடித்து, அங்கிருந்து புதுக்கோட்டை போய், பிறகு டவுன் பஸ். எங்கள் வாழ்க்கையில் ஆதிக்க சாதி வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்து, பெயர் எழுதிக் கூப்பிட்டு, புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனது அதுதான் முதல் முறை. அவன் ஊர் பஸ் நிறுத்தத்துக்கே வந்து நின்றான். கட்டிப்பிடித்தான். நடக்க ஆரம்பித்து இருபது அடி போன பிறகு சொன்னான்:

"மாப்ள, ஊர்ல எதுனா கேட்டா ஆம்பூர்னு மட்டும் சொல்லுங்க. நான் பாய்னு சொல்லி வச்சிருக்கேன்."

சிங்கப்பூரில் கூட இருந்தவர்கள் யாருக்கும் லீவு கிடைக்கவில்லை. எங்களைத் தெரிந்தவர்கள் யாரும் அங்கே இல்லை. எல்லாவற்றையும் யோசித்துத்தான் வைத்திருந்தான்.

திரும்பிப் போயிருக்கலாம். ஆட்டோ ஓட்டுகிறவன் இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறான், அந்த இருபதாவது அடியிலேயே திரும்பியிருக்க வேண்டும் என்று. நாங்கள் திரும்பவில்லை. பாய் என்று அழைக்கப்படுவதில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு பாய்மார் தெரு, நோன்புக் கஞ்சி குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள். 1981இல் மீனாட்சிபுரத்து மக்கள் எதற்காக அந்தப் பெயரை ஏற்றார்கள் என்றும் தெரியும். ஆனால் அவர்கள் அதைத் தாங்களாக ஏற்றார்கள். எங்கள் மேல் ஒரு மாலை நேரத்துக்குப் போர்த்தினார்கள்.

அவன் அம்மா எங்களை வாசலில் நின்று வரவேற்றார். "வாங்க பாய், வாங்க தம்பி" என்று உள்ளே கூட்டிப்போய் ஃபேனுக்குக் கீழே உட்காரவைத்தார். எங்களுக்காகவே தனியாகச் சொல்லி ஹலால் கறி வாங்கியிருந்தார். பந்தியில் எங்கள் பக்கத்திலேயே நின்று, "பாய்க்கு இன்னும் ரெண்டு துண்டு போடு" என்று சொல்லிச் சொல்லிப் பரிமாற வைத்தார். அப்படி ஒரு அன்பான சாப்பாட்டை நாங்கள் அதற்கு முன் வெளி வீட்டில் சாப்பிட்டதில்லை. அதே ஊரில் பறை அடிக்க வந்தவர்கள் பந்தல் காலுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குக் கடைசியில் பாத்திரத்தில் ஊற்றிக் கொடுத்தார்கள். அதில் ஒரு பெரியவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எங்களுக்குத் தோன்றியது. உண்மையா, எங்கள் மனப்பிராந்தியா, சொல்ல முடியாது. நாங்கள் அவரைப் பார்க்காமல் கை கழுவிக்கொண்டு வந்தோம்.

பிறகு மொய். புதுக்கோட்டைப் பக்கம் மொய் நோட்டு என்பது கடன் பத்திரம் மாதிரி. பெயர், ஊர், தொகை, தலைமுறைக்கும் இருக்கும். எழுதுகிறவர் பேனாவை நிமிர்த்தி, "ஊரு, பேரு?" என்றார். எங்கள் பெயரைச் சொன்னால் கதை முடிந்தது. நண்பனின் மாமா குறுக்கே வந்தார்: "ஆம்பூர் பாய்ங்கன்னு எழுதுங்க, மாப்பிளையோட சிங்கப்பூர் கூட்டாளிங்க." எழுதினார். ஆம்பூர் பாய்கள், 3001. அந்த நோட்டு இன்னும் அந்த வீட்டு பீரோவில் இருக்கும்.

ஊருக்குத் திரும்பி எம்.ஏ. சேர்ந்த வருடம், அம்பேத்கரின் ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ கையில் கிடைத்தது. சின்னப் புத்தகம், ஒரு மாலையில் படித்துவிடலாம், படிக்காதவர்கள் படியுங்கள். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இருந்த ஆண்டுகளில், தான் தீண்டத்தகாதவர் என்ற நினைப்பே தன் மனதிலிருந்து அழிந்துபோயிருந்தது என்று அதில் எழுதுகிறார். 1917இல் பரோடா அரசு வேலைக்காக ரயிலில் போய் இறங்கியபோதுதான் எங்கே தங்குவது என்ற கேள்வி வருகிறது. இந்து விடுதிகளில் இடம் கிடைக்காது. ஒரு பார்சி விடுதியில், பார்சிப் பெயரில் பதிவு செய்துகொண்டு தங்குகிறார். பதினோராவது நாள் தடிகளோடு பார்சிகள் வந்து நிற்கிறார்கள். யார் நீ என்று கேட்கிறார்கள். வெளியே வந்து, அந்த ஊரில் இருந்த இரண்டு நண்பர்களிடம் இடம் கேட்கிறார். ஒருவர் இந்து, ஒருவர் கிறிஸ்தவர். நீ வந்தால் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்கிறார் ஒருவர். மனைவியைக் கேட்க வேண்டும் என்கிறார் இன்னொருவர். வேறு வழியில்லாமல் ஒரு பொதுப் பூங்காவில் ரயில் நேரம் வரைக்கும் உட்கார்ந்திருக்கிறார்.

அதைப் படித்தபோது எங்களுக்கு அந்தத் தடிகளைவிட அந்த இரண்டு நண்பர்கள்தான் உறைத்தார்கள். கெட்டவர்கள் இல்லை. வெளியில் நன்றாகப் பேசிப் பழகியவர்கள். வீட்டு வாசல் என்று வந்தபோது அவர்களால் முடியவில்லை.

இன்னொன்றும் அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. கொலம்பியா பல்கலைக்கழக விடுதியில் அம்பேத்கரோடு இருந்த நண்பர் நவல் பதேனா ஒரு பார்சி. வாழ்நாள் நட்பு. 1920இல் லண்டன் படிப்பை முடிக்கத் திரும்பிப் போகும்போது கடன் கொடுத்து உதவியவர். தடியோடு வந்தவர்களும் பார்சி, கடன் கொடுத்தவரும் பார்சி. இதிலிருந்து எந்தச் சமூகமும் நல்லது, எந்தச் சமூகமும் கெட்டது என்று எங்களால் ஒரு முடிவும் எடுக்க முடியவில்லை. நட்பு நியூயார்க்கில் முளைத்தது, பரோடாவில் முளைக்க இடமில்லை. எங்களுக்கு அது துவாஸில் முளைத்தது.

சாதி கப்பல் ஏறும் என்பது புதுச் செய்தியில்லை. 1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் நேட்டாலுக்குப் போனது. அதற்குப் பின் போன கப்பல்களில் வட ஆற்காட்டுக்காரர்கள் ஏராளம். அந்தக் கப்பல்களின் பெயர்ப்பட்டியலில் அப்பன் பெயர், ஊர், ஜில்லா என்ற கட்டங்களோடு சாதிக்கும் ஒரு கட்டம் உண்டு. 1916 மே மாதம் கொலம்பியாவில் படித்த கட்டுரையிலேயே அம்பேத்கர், இந்துக்கள் வேறு நாடுகளுக்குக் குடிபெயர்ந்தால் சாதி உலகப் பிரச்சினையாகும் என்ற கேட்கரின் கருத்தை எடுத்துக்காட்டுகிறார். 2023 பிப்ரவரியில் சியாட்டல் நகரம் சாதிப் பாகுபாட்டைச் சட்டத்தால் தடை செய்தது. அதே வருடம் அக்டோபரில் கலிஃபோர்னியா ஆளுநர் அங்கே நிறைவேறிய மசோதாவுக்குக் கையெழுத்துப் போட மறுத்தார். எங்கள் மாணவர்கள் இதையெல்லாம் நன்றாகப் பேசுகிறார்கள். பேசட்டும். மேலதிகாரி பதவி உயர்வைத் தடுத்தால் வழக்குப் போடலாம். சமையல் செட்டு கூப்பிடாததற்கு எங்கே வழக்குப் போடுவது?

எங்கள் முன்னோர் வேறு ஒன்றும் செய்தார்கள். கோலார் தங்க வயலுக்கு எங்கள் ஜில்லாவிலிருந்து கூட்டம் கூட்டமாகப் போனவர்கள் மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கக் கிளை வைத்தார்கள். அயோத்திதாசர் 1907இல் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ கோலாருக்கும் ரங்கூனுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் போயிற்று. வேற்று ஊரில் தனியாக நின்றவனுக்கு அந்தத் தாள், நீ யார் என்று கேட்காத கூட்டாளிகளைக் கொடுத்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். எங்களுக்குத் துவாஸில் அப்படி ஒன்று இருந்திருந்தால் அந்த அருந்ததியர் தம்பி ஒரு வாரம் ரொட்டி தின்றிருக்க மாட்டான்.

2017இல் எங்களில் ஒருவனுக்குக் கல்யாணம். புதுக்கோட்டைக்காரன் வந்தான், தனியாக. 5001 மொய் எழுதினான், முழுப் பெயரோடு. காலனிக்குள் எல்லார் நடுவிலும் பந்தியில் உட்கார்ந்து மாட்டுப் பிரியாணி தின்றான். எதையும் மறைக்கவில்லை. எங்கள் அம்மாதான் அவன் இலையருகே குனிந்து கேட்டார்: "எந்த ஊருப்பா? இன்னா ஆளுங்க?" எங்களுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். அம்மா ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, இன்னும் ஒரு கரண்டி வைத்துவிட்டுப் போனார்.

2020இல் அவன் மறுபடி சிங்கப்பூரில் இருந்தான். ஏப்ரலில் டார்மிட்டரிகளைப் பூட்டினார்கள். அங்கே வசித்த சுமார் 3 லட்சத்து 23 ஆயிரம் பேரில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்து போயிருந்தது என்று டிசம்பரில் அந்த அரசே சொன்னது. அறையை விட்டு வெளியே போக முடியாத மாதங்களில் தினமும் ராத்திரி எங்கள் மூன்று பேரில் ஒருவர் முறை வைத்து அவனோடு பேசினோம். வீட்டுக்குச் சொல்லாத பயத்தையெல்லாம் எங்களிடம் சொன்னான். ஒரு இரவு, "நான் செத்தா அம்மாகிட்ட நீங்கதான் போய்ச் சொல்லணும் மாப்ள" என்றான். சரி என்றோம். எந்தப் பெயரில் போய்ச் சொல்வது என்று கேட்கவில்லை. அந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா அது?

அவன் இப்போது ஊரோடு வந்துவிட்டான். ஒவ்வொரு ரம்ஜானுக்கும் ஃபோன் வரும். அவன் அம்மா சொல்லச் சொல்லி, "ஆம்பூர் பாய்களுக்கு வாழ்த்து" என்று. பத்து வருடமாக நாங்களும் நன்றி சொல்லி, அம்மாவைக் கேட்டதாகச் சொல் என்று வைத்துவிடுகிறோம். கட்டிங் செக்‌ஷன்காரனுக்கு அது ஒரு தமாஷ். ஆட்டோக்காரன் அந்த நாளில் ஃபோனை எடுப்பதில்லை.

அந்தத் தம்பிக்கு வருவோம். டீ ஆறும்வரை யோசித்துவிட்டு, இந்தக் கதை முழுவதையும் அவனிடம் சொன்னோம். ஷூ கம்பெனி பொய்யிலிருந்து மொய் நோட்டு வரை. கேட்டுவிட்டு, "அப்ப காலனின்னே சொல்லிடட்டாண்ணா?" என்றான். எங்களால் உடனே ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. அறையில் பதினோரு பேர் இருப்பார்கள், இவன் ஒருவன், கதவு ஒன்றுதான். முதல் நாளே சொல்ல வேண்டியதில்லை, ஆனால் பொய் சொல்லாதே, பொய் சொன்னால் அதைத் தினமும் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும் என்றோம். உன் செட்டுக்கு யார் வந்து கேட்டாலும் அன்றைக்கே பெரிய பாத்திரம் வாங்கு என்றோம். கடைசியில் சொன்னது மட்டும் அவனுக்குப் புரியவில்லை, விளக்கினோம்.

இந்த ரம்ஜானுக்கும் ஃபோன் வந்தது. மூன்று பேரும் ஒன்றாக இருந்தோம், ஆட்டோக்காரன் உட்பட. ஸ்பீக்கரில் போட்டோம். "மாப்ள, அம்மா உங்களுக்கு வாழ்த்து சொல்லச் சொன்னாங்க."

"அம்மாகிட்ட ஃபோனக் குடுடா" என்றோம்.

"எதுக்கு?"

"பேசணும்."

அந்தப் பக்கம் சத்தமில்லை. பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு அம்மா, "யாருடா, ஆம்பூர் பாயா?" என்று கேட்பதும் காதில் விழுந்தது.

"அம்மா தூங்குறாங்க மாப்ள. நாளைக்குப் போட்டுத் தர்றேன்" என்றான். மணி அப்போது ஏழு.